விளக்கும் நெய்யும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை அரசன் நாடு கடத்தினான். ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். பெருமாளோ தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம், ‘ஓர் இரவு இருக்கை’ என்பது மருவி, ஓரிக்கை ஆயிற்றாம்.

சென்ற ஆண்டு அவ்வூரில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு மடிக்கணினி. அதன்மேல் குங்குமப் பொட்டு.

“பெரிய பொண்ணு பிளஸ் டூ படிச்சப்போ சர்க்கார் கொடுத்ததுங்க. அதை வச்சுத்தான் காலேஜே முடிச்சா. கொரோனாவிலே பள்ளிக்கூடம் மூடினப்போ தம்பிக்கு வேணும்னு எடுத்தா, பேட்டரி போயிருந்தது. இப்போ ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறதோட சரி” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “தறிக்குன்னா வருஷா வருஷம் ஒரு செலவு எடுத்து வைக்கிறோம். இதுக்கு யாருங்க எடுத்து வைக்கிறது?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது ஏளனம் செய்தவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். அந்த வீட்டுக்குள் கணினி வேறெந்த வழியாக நுழைந்திருக்கும்? பின்னர் 6,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்தன. கொடுத்தது தவறல்ல, கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்வதுதான் தவறு.

கொடுக்கும் நாளில் மேடை உண்டு, மாலை உண்டு, புகைப்படம் உண்டு. மாதந்தோறும் மின்கட்டணமும் இணையக் கட்டணமும் கட்டுவதற்கும், பழுது பார்ப்பதற்கும், ஆசிரியரைப் பயிற்றுவதற்கும் மேடை ஏது? 1958-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் அளித்தார்கள். பெஞ்சு ஒரு தலைமுறை உழைக்கும். கணினியோ வாங்கிய நாளிலிருந்தே மூப்படைகிற பொருள்.

இந்த உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கோடு நிற்கவில்லை. நாள்தோறும் நெய் வார்ப்பதற்காக 90 அல்லது 96 ஆடுகளையும் விட்டார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆடு சாகத்தான் சாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்பது ஏற்பாடு.

பிள்ளைகளின் படிப்புக்குச் செய்வதைத் தானம் என்று எண்ணுகிறோம். ஒருமுறை கொடுத்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. கடன் என்று எண்ணினால் ஆண்டுதோறும் நினைவு வரும்.

ஊருக்குச் சொல்வானேன்? நானே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுத்தேன். சுவரில் என் பெயரும் எழுதினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் நான் போகவேயில்லை.

பெருமாள் ஓர் இரவு தங்கியதே ஓர் ஊருக்குப் பெயராகிவிட்டது. படிப்புக்கு அது போதாது. வீடு திரும்பியதும் அந்தத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: “கணினி எப்படி இருக்கிறது? வருஷத்துக்கு என்ன செலவாகும்?”