பேனாவின் வயது

தாத்தா கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரின் கிராம முன்சீப். பிறப்பு, இறப்புப் பதிவேடு அவர் கையில்தான் இருந்தது. 1944-இல் அப்பா பிறந்தபோது, அந்தப் பதிவைத் தாத்தா தன் பார்க்கர் பேனாவால் எழுதினார் என்பது எங்கள் வீட்டுக் கதை. பேனா இப்போது என்னிடம் இருக்கிறது. என் சேகரிப்பில் நான் அதிகம் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

ஒரு மழைநாளில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றினேன். சீனத்து ஹீரோ பேனாவும் இதே சாயலில் வரும் என்பதால் சிறு பயம் இருந்தது. எழுத்துகளைப் பார்த்தேன், பார்க்கர் 51-தான். 1941-இல் விற்பனைக்கு வந்த மாடல். தொடக்ககாலப் பேனாக்களின் உடற்பகுதியில் ஓர் எண்ணும் சில புள்ளிகளும் இருக்கும். எண் ஆண்டின் கடைசி இலக்கம், புள்ளிகள் காலாண்டு. 7 என்றிருந்தால் 1947. ஏனெனில் 1937-இல் இந்த மாடலே இல்லை. அந்தப் பேனாக்களில் மை இழுக்க, அடிமூடியைத் திருகி உள்ளிருக்கும் தண்டை அழுத்தி விட வேண்டும். என் பேனாவில் அடிமூடியே இல்லை. உடலைக் கழற்றினால் உலோகக் கூடு, அதில் அழுத்துவதற்கு ஒரு பட்டை. இந்த அமைப்பு 1948-இல் வந்தது.

அப்பாவுக்கு அப்போது நான்கு வயது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. எண்பது வயதுக்காரரிடம் அவர் பிறந்த கதையைத் திருத்துவது என்ன நியாயம்? சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் சொல்லாமலிருப்பது அவரைக் குழந்தையாக நடத்துவதாகவே எனக்குப் பட்டது. உண்மையைத் தாங்கமாட்டார் என்று நானாக முடிவுகட்ட எனக்கு என்ன உரிமை? பேனாவுக்கும் ஒரு நியாயம் உண்டு. பிடித்த பொருள் என்பதற்காக அது செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்றக்கூடாது.

மூன்றாம் நாள் காலை சொன்னேன். அப்பா பேனாவை வாங்கி மூடியைத் திறந்து முள்ளைப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அது கட்டைப் பேனாவா இருக்கும்டா. தொட்டுத் தொட்டு எழுதுறது" என்றார். "எங்கம்மாதான் மை காய்ச்சுவா. மலையிலேருந்து கடுக்காய் வரும்."

இதை அவர் இதற்கு முன் சொன்னதே இல்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கி இறக்கிய கடுக்காயை இடித்து, ஊறவைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி அன்னபேதி சேர்ப்பார்களாம். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடிக் கருமை பிறக்கிறது. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டு உலர உலரக் கறுக்கும். தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது. பதிவேட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மை ஏது? பார்க்கருக்குள் ஊற்றியிருந்தால் வண்டல் அடைத்தே பேனா கெட்டிருக்கும். பாட்டி கையில் அந்தக் கறை வாரக்கணக்கில் போகாது என்று சொல்லிவிட்டு அப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பாட்டியைப் பற்றி எங்கள் வீட்டுக் கதைகளில் அதுவரை ஒரு வரிகூட இருந்ததில்லை. தவறான கதை அவளுடைய இடத்தையும் சேர்த்தே அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தாத்தா பார்க்கரை எப்போது வாங்கினார் என்பது அப்பாவுக்கும் நினைவில்லை. 1980-இல் கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகும் அது அவர் சட்டைப்பையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேனாப் பெட்டிக்குள் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து: "பார்க்கர் 51. 1948 அல்லது அதற்குப் பின். என் பிறப்பை எழுதியது இதுவல்ல. அது அம்மா காய்ச்சிய கடுக்காய் மை." கீழே ஊர்ப்பெயரை எழுதி, தென்னாற்காடு ஜில்லா என்று போட்டிருக்கிறார். அந்த ஊர் 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. அதை நான் திருத்தவில்லை. அவர் பிறந்தது தென்னாற்காட்டில்தான்.