அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின்

சிறுவயதில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் வேலை என்னுடையது. அப்பாவின் வேட்டிகளை அம்மா அலசிப் பிழிந்து வைத்துவிடுவாள். நான் நீலப் பொட்டலத்தைப் பிரித்து, பொடியை ஒரு பழந்துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் முக்கிக் கலக்க வேண்டும். பொட்டலம் பிரிந்ததும் உள்ளே தெரிகிற நீலம் இருக்கிறதே, அது வேறு எங்கும் கண்டிராத நீலம். பார்வை அதன்மேல் நிற்காது, உள்ளே இறங்கும். தண்ணீர் பட்டதும் அது போய்விடும். வாளியில் மிஞ்சுவது நீலத் தண்ணீர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தச் சிறு ஏமாற்றம் நடக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

பல வருடம் கழித்து ஈவ் கிளைன் என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றிப் படிக்கையில், அதே ஏமாற்றம் அவருக்கும் இருந்தது தெரிந்தது. பொடியாக இருக்கும்வரை ஒளிர்கிற நிறம், எண்ணெயில் குழைத்ததும் மங்கிப்போகிறது என்பது அவருடைய தீராத மனக்குறை. பொருளும் ஒன்றுதான். என் வாளியில் கரைந்ததும் அவர் பலகையில் பூசியதும் அல்ட்ராமரீன்.

*

மறுமலர்ச்சிக் கால ஓவியத்தையும் நவீன ஓவியத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த நோட்டில் ஒருமுறை பக்கத்தின் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் தூரக்காட்சி, உடற்கூறு, விவிலியக் கதை. வலப்பக்கம் தட்டை, அருவம், கதையின்மை. ஐந்தாவது வரியில் சலித்துவிட்டது. பரீட்சை விடைத்தாள் மாதிரி இருந்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டு, இரண்டு பக்கமும் ஓடுகிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கைக்குக் கிடைத்தது நீலம்.

*

ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில், கோக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கின் மலைச் சுரங்கங்களில் கிடைப்பது லாபிஸ் லாசுலி. நம் நவரத்தினத்து நீலம் அல்ல, வேறு கல். வெண்ணிறச் சுண்ணமும் பொன்னிறப் புள்ளிகளும் ஓடிய நீலப்பாறை. ஒட்டகத்திலும் கப்பலிலும் வெனிஸ் வரை வந்ததால், அதிலிருந்து எடுத்த நிறத்துக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்ற பொருளில் அல்ட்ராமரீன் என்று பெயர் விழுந்தது.

கல்லை வெறுமனே இடித்தால் இந்த நீலம் வராது. சாம்பல் பூத்த தூள்தான் வரும். இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய தொழிற்கையேட்டில் இதன் பக்குவம் இருக்கிறது. இடித்துச் சலித்த பொடியை ஊசியிலை மரப்பிசின், மாஸ்டிக் பிசின், புது மெழுகு மூன்றையும் உருக்கிய கலவையில் போட்டு மாவு போலப் பிசைய வேண்டும். குறைந்தது மூன்று பகல் மூன்று இரவு வைத்திருந்து, அவ்வப்போது பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். பிறகு சாம்பல் காரநீரில் அந்த உருண்டையைப் போட்டு, இரண்டு குச்சிகளால் அழுத்தி அழுத்திப் பிழிய வேண்டும். கல்லின் அழுக்கையெல்லாம் பிசின் பிடித்துக்கொள்ளும், நீலம் மட்டும் நீரில் இறங்கும். முதல் பிழிவு உயர்ந்தது. அடுத்தடுத்த பிழிவுகள் வெளுத்துக்கொண்டே போகும். கடைசியில் வருவது சாம்பல் மாதிரிதான். தேங்காய்ப் பாலில் முதல் பால், இரண்டாம் பால் என்போமே, அந்தக் கணக்கு.

இந்த வேலைக்கு ஆண்களைவிடப் பெண்களே ஏற்றவர்கள், அவர்கள் கை மென்மையானது, வீட்டிலேயே இருப்பவர்கள் என்கிறார் சென்னினி. வயதான பெண்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார். ஏனோ! அந்த ஒரு வரியில் ஒரு பழைய வீட்டுச் சண்டை கேட்கிறது.

*

1485 அக்டோபர் 23. ஃப்ளாரன்ஸ் நகரின் இன்னொசெந்தி அனாதை விடுதியின் தலைவர், ஓவியர் தொமெனிக்கோ கிர்லாந்தாயோவுடன் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். மூன்று ஞானியர் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி. முப்பது மாதத்தில் முடிக்க வேண்டும், கூலி 115 ஃப்ளோரின் பொற்காசு. நீலம் அல்ட்ராமரீனாக இருக்க வேண்டும், அதுவும் அவுன்ஸ் சுமார் நான்கு ஃப்ளோரின் விலையுள்ள தரம்.

கல்யாணத்துக்கு நகை செய்யக் கொடுக்கிறவர் ஆசாரியிடம் பேசுகிற பேச்சு இது. எத்தனை கேரட், எவ்வளவு எடை, எந்தத் தேதிக்குள். இயேசுவின் தாயான மாதாவின் நீலப் போர்வைக்கு இரண்டாம் பிழிவைப் பூசிவிட்டு முதல் பிழிவுக்கு ஓவியர் காசு வாங்கிவிடுவாரோ என்ற பயம். விலை உயர்ந்ததால் மாதாவுக்கு உரிய நிறமானதா, மாதாவுக்கு உரியதால் விலை உயர்ந்ததா என்று பிரிக்க முடியவில்லை. வேண்டுதலுக்குப் பொன் போடுவது போல அவர்கள் நீலம் போட்டார்கள்.

படம் 1488இல் முடிந்தது. இன்றும் அதே விடுதியில் இருக்கிறது.

*

லண்டன் நேஷனல் கேலரியில் மைக்கலாஞ்சலோவின் முடிக்கப்படாத ஓவியம் ஒன்று உண்டு. இயேசுவைக் கல்லறைக்குத் தூக்கிச் செல்லும் காட்சி, 1500ஐ ஒட்டி ரோமில் வரைந்தது. வலது கீழ் மூலையில் ஓர் உருவத்துக்கான இடம் அப்படியே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அங்கே மாதா மண்டியிட்டிருக்க வேண்டும் என்றும், போர்வைக்கான அல்ட்ராமரீன் வந்து சேராததால் இடம் காத்திருந்தது என்றும் சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான். 1501இல் அவர் ஃப்ளாரன்ஸுக்குப் போய்விட்டார், அங்கே பெரிய பளிங்குக் கல் ஒன்று டேவிட் சிலை ஆவதற்காகக் காத்திருந்தது. அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

எனக்கு ஊகத்தை நம்பத்தான் பிடிக்கிறது. ஒரு தாய் வரவேண்டிய இடம், பதக்‌ஷானிலிருந்து ஒரு பொட்டலம் வராததால் வெறுமையாக இருக்கிறது. அச்சுப் படத்தில் அந்த மூலையைக் கையால் மறைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் ஏதோ அவசரத்தில் கிளம்பியவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கையை எடுத்ததும் துக்கம் திரும்பி வந்தது. இந்த வெற்றிடத்தை ஒரு நவீன ஓவியர் வேண்டுமென்றே விட்டிருந்தால் அதைப் பற்றி ஒரு அலமாரி நிறையப் புத்தகம் வந்திருக்கும்.

*

இத்தாலிய அறிஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதினார். பொன்னை வரைய வேண்டிய இடத்தில் பொன் தகட்டை ஒட்டாதீர்கள், சாதாரண வண்ணங்களைக் கொண்டே பொன்னின் மினுக்கைக் காட்டுங்கள், பாராட்டு அப்போதுதான் கைக்குச் சேரும் என்பது அவர் கருத்து. மதிப்பு பொருளில் இல்லை, திறமையில் இருக்கிறது. நவீன ஓவியத்துக்கான விதை என்று ஒன்று உண்டென்றால் இந்த இடத்தில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். பொருளிலிருந்து கைக்கு நகர்ந்த மதிப்பு, கையிலிருந்து எண்ணத்துக்கு நகர இன்னும் ஐந்நூறு ஆண்டு ஆயிற்று.

ஆனால் அந்த விடுதித் தலைவரைப் பாருங்கள். ஆல்பர்ட்டி எழுதி ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அவுன்ஸ் கணக்குப் பேசுகிறார். நூற்றாண்டுகளுக்குக் கோடு போடுவது நம் வசதிக்காக. வாழ்ந்தவர்கள் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றார்கள்.

*

1824இல் பிரான்ஸின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் ஒரு பரிசு அறிவித்தது. கிலோ 300 ஃப்ராங்குக்கு மிகாமல் செயற்கை அல்ட்ராமரீன் செய்து காட்டுபவருக்கு 6,000 ஃப்ராங்க். 1828இல் ழான் பப்டிஸ்ட் கிமே அதை வென்றார். களிமண், சோடா, கந்தகம், கரி இவற்றைச் சூளையில் சுட்டால் நீலம். நிறம் தருவது கந்தகம்தான், கல்லிலும் அதுவேதான். பதக்‌ஷான் மலையும் ஒட்டகமும் மூன்று நாள் பிசைதலும் ஒரே அடியில் தேவையற்றுப் போயின.

நிறம் மலிந்ததும் அதற்கு மாதா தேவைப்படவில்லை. ரெனுவாரின் ‘குடைகள்’ படத்தில் பாரிஸ் தெருக்கூட்டத்தின் உடைகளிலும் குடைகளிலும் இந்தச் செயற்கை நீலம் தாராளமாக இருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிற கூட்டத்துக்கு அல்ட்ராமரீன் குடை! விடுதித் தலைவர் பார்த்திருந்தால் நெஞ்சடைத்திருப்பார். அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டு வாளி வரைக்கும் வந்தது, வேட்டியின் மஞ்சளை மறைக்க.

*

கிளைன் 1928இல் நீஸ் நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே ஓவியர்கள். ஜப்பானுக்குப் போய் ஜூடோவில் நான்காம் டான் வாங்கி வந்தவர். பத்தொன்பது வயதில் நீஸ் கடற்கரையில் இரண்டு நண்பர்களோடு உலகைப் பங்கு பிரித்துக்கொண்டபோது, வானத்தை எடுத்துக்கொண்டு அதில் மானசீகமாகக் கையெழுத்துப் போட்டார். குறுக்கே பறந்த பறவைகள் மேல் அவருக்குக் கோபம். தன் மிகப்பெரிய படைப்பில் அவை ஓட்டை போடுகின்றனவாம்.

பாரிஸில் எத்வார் ஆதாம் என்ற வண்ண வியாபாரியின் உதவியோடு, பொடியின் ஒளியை அணைக்காமல் பிடித்துவைக்கும் ஒரு செயற்கைப் பிசினைக் கண்டுகொண்டார். 1960 மே 19 அன்று அந்தக் கலவையை உறையிலிட்டு அரசிடம் பதிந்தார். நீல நிறத்துக்கே காப்புரிமை வாங்கிவிட்டார் என்று பலரும் எழுதுகிறார்கள், தவறு. இன்ன தேதியில் இது என்னிடம் இருந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே அந்த உறை.

அதற்கு முன்பே, 1957 ஜனவரியில், மிலான் நகரக் காட்சிக்கூடம் ஒன்றில் பதினொரு நீலப் பலகைகளை வைத்தார். எல்லாம் 78க்கு 56 சென்டிமீட்டர். உருவம் இல்லை, கோடு இல்லை, சட்டம்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விலை, வாங்கியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று கிளைன் பின்னால் சொல்லிக்கொண்டார். விலைப்பட்டியல் உண்மையோ கதையோ, கேள்வி உண்மையானது. ஒரே அளவு, ஒரே நீலம், விலை மட்டும் வேறு என்றால் விலை எதற்கு?

*

கிளைனின் இந்த நீலத்தை நான் நேரில் பார்த்ததில்லை. புத்தகத்தில் பார்த்தேன். அச்சு இயந்திரத்தின் நான்கு மைகளால் இந்த நிறத்தை எட்ட முடியாது, அது எப்போதும் கொஞ்சம் ஊதாவாகவோ கொஞ்சம் கறுப்பாகவோ நழுவிவிடும். வழவழப்பான தாளில் அச்சான விலை உயர்ந்த கலைப் புத்தகத்தைவிட, மளிகைக் கடைப் பொட்டலம் கிளைனுக்கு அருகில் இருக்கிறது. கிர்லாந்தாயோவுக்கு இந்தக் கதி இல்லை. அச்சில் நீலம் பாதி போனாலும் முகங்கள் இருக்கும், மண்டியிட்ட கிழவரின் நரைத்த தாடி இருக்கும்.

வேறுபாடு எனக்குப் பிடிபட்டது இங்கேதான். பழைய நீலத்துக்கு ஓர் உடம்பு இருந்தது. மாதாவின் முழங்காலில் ஏறி, மடியில் சரிந்து, மடிப்புக்குள் இருண்டு, விளிம்பில் வெளுத்து அது உயிரோடிருந்தது. தீஷியனின் ‘பாக்கஸும் அரியாட்னியும்’ படத்தில் காதலன் கைவிட்ட அரியாட்னியின் உடையாகவும் அதே நீலம் சுற்றிக்கொள்கிறது, அவளுக்கு மேலே வானமாகவும் விரிகிறது. கிளைன் உடம்பைக் கழற்றிவிட்டார். உடுத்த ஆளில்லாத போர்வை. மென்பட்டு போன்ற அந்தப் பரப்பில் விரல் பட்டால் தடம் விழும், எளிதில் சரிசெய்ய முடியாது. விடுதலை பெற்ற நிறம் என்று அவர் சொல்வார். எனக்கு அது சில நாள் விடுதலையாகத் தெரிகிறது, சில நாள் அனாதையாக.

கிளைனோ தனக்கு முன்னோடி என்று பழைய இத்தாலிய ஓவியர் ஜ்யோத்தோவைச் சொன்னார். 1958இல் அசிசி போய் அங்குள்ள தேவாலயத்தின் நீலப் பரப்புகளைப் பார்த்து, இவர்தான் நிஜமான ஒற்றைநிற ஓவியர் என்று கொண்டாடினார். உருவங்களை விட்டுவிட்டு வானத்தை மட்டும் பார்த்த கண் அது. நாம் கதை படித்த இடத்தில் அவர் பின்னணியைப் படித்தார். தப்பான வாசிப்பாக இருக்கலாம். ஆனாலும் அதற்குப் பிறகு ஜ்யோத்தோவைப் பார்க்கும்போது வானம்தான் முதலில் கண்ணில் விழுகிறது.

*

கடைசி ஆண்டுகளில் அவர் நீலத்தையும் தாண்டிப் போனார். கண்ணுக்குத் தெரியாத வெட்டவெளியை, ‘பருப்பொருளற்ற ஓவிய உணர்வின் மண்டலம்’ என்ற பெயரில் விற்றார். விலையைப் பொன்னாகத்தான் தர வேண்டும். வாங்கியவர் ரசீதை எரித்துவிட்டால், அந்தப் பொன்னில் பாதியைக் கிளைன் சேன் நதியில் எறிந்துவிடுவார். 1962 ஜனவரியில் இத்தாலிய எழுத்தாளர் தீனோ புஸ்ஸாத்தியோடு நதிக்கரையில் இந்தச் சடங்கு நடந்த படங்கள் இருக்கின்றன. கோட்டும் டையும் அணிந்த மனிதர்கள், குளிர்கால நதி. ஆல்பர்ட்டி ஓவியத்திலிருந்து வெளியே அனுப்பிய பொன், சுற்றிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுகிறது.

இதைக் கோமாளித்தனம் என்று முதல் வாசிப்பில் இந்த நோட்டில் எழுதியிருந்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இன்னொரு செய்தியை மட்டும் எழுதிவைக்கிறேன்.

1961 பிப்ரவரியில் கிளைன் இத்தாலியின் காஸ்சியா ஊருக்குப் போனார். முடியாத காரியங்களை முடித்துத் தருபவர் என்று நம்பப்படும் புனித ரீட்டாவின் மடம் அங்கே இருக்கிறது. ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் தானே செய்த சிறு பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பெயர் சொல்லாமல் திரும்பிவிட்டார். பெட்டியின் மேல் அறைகளில் இளஞ்சிவப்புப் பொடி, அல்ட்ராமரீன் பொடி, பொன் தகடு. கீழே, நீலப்பொடி மெத்தையின்மேல் வெட்டவெளி விற்ற பொன்னில் மூன்று சிறு கட்டிகள். நடுவில் கைப்பட எழுதிய பிரார்த்தனை. அடுத்த ஆண்டு ஜூன் 6 அன்று, 34 வயதில், அவர் மாரடைப்பால் இறந்தார்.

பெட்டியைச் செய்தவர் யாரென்று கிட்டத்தட்ட இருபது வருடம் யாருக்கும் தெரியவில்லை. கன்னியாஸ்திரிகள் அதை மற்ற வேண்டுதல் காணிக்கைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.