தலைகளை எண்ணுவது பாவமா?

தாவீது ராஜா குடிகளை எண்ணச் சொன்னான். தளபதி யோவாப் தடுத்தும் கேட்கவில்லை. பிறகு கொள்ளைநோய் வந்து எழுபதாயிரம் பேர் மாண்டார்கள் என்கிறது பைபிளின் சாமுவேல் இரண்டாம் புத்தகம். எண்ணியதில் என்ன குற்றம்? உரைகாரர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அதே பைபிளோடு 17-ஆம் நூற்றாண்டில் பியூரிட்டன்கள் குடியேறிய கனெக்டிகட்டில், புற்றுநோயாளிகளை மாநிலம் முழுக்க எண்ணும் பதிவேடு உண்டு. 1935 முதலான நோயாளிகள் அதில் இருக்கிறார்கள். மருத்துவமனைகள் தகவல் தருவது சட்டக் கட்டாயம். நோயாளியிடம் தனியாகச் சம்மதம் கேட்பதில்லை. இங்கேதான் நெருடுகிறது.

தாவீது எண்ணியது வாள் பிடிக்கும் கைகளை. இந்த எண்ணிக்கையின் பயன் வேறு. 1973-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் கனெக்டிகட்டும் சேர்ந்தது. ஹாட்ஜ்கின் வகை சாராத நிணநீர்ப் புற்றுநோய் 1970-களுக்கும் 1990-களுக்கும் இடையே அமெரிக்காவில் ஏறக்குறைய இரு மடங்கானதை இத்தகைய பதிவேடுகள்தான் காட்டின. எச்.ஐ.வி. ஒரு காரணம், அது மட்டும் முழு ஏற்றத்தையும் விளக்கவில்லை. தன் அறைக்கு வரும் நோயாளிகளை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு இது புலப்பட்டிருக்காது.

"எனக்கு ஏன்?" என்று பைபிளில் துன்பப்பட்ட யோபுவைப் போலக் கேட்பவருக்கு, லட்சத்துக்கு இத்தனை பேர் என்ற விகிதம் பதிலாகாது. (யோபுவுக்கும்தான் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை.) ஆனால் நாடு முழுக்க விகிதம் ஏறும்போது, நோயை ஒருவரின் பாவத்துக்குக் கூலி என்று பேசும் வாய் அடைபடும். பெயர்களை ரகசியமாகக் காக்கும்வரை இந்த எண்ணிக்கை நியாயமானதே.