நிழற்படத்தில் நில்லாதவர்கள்

பழைய தனுஷ்கோடியின் நிழற்படம் ஒன்று நம் முன் இருக்கிறது. துறைமேடையில் இரயில் நிற்கிறது; அதை ஒட்டினாற்போல் தலைமன்னார் செல்லும் நீராவிக் கப்பல். சென்னை எழும்பூரில் ஏறியவர் இங்கே இறங்கிச் சிறிது நடந்தால் கப்பல். கடலைக் கடந்தால் கொழும்பு செல்லும் இரயில். நம் முன்னோர் 'போட் மெயில்' என்றழைத்த இப்பயணம் இவ்வழியே அமைந்தது, 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர்தான். பார்க்கப் பார்க்க நெஞ்சில் ஓர் ஏக்கம் எழுகிறது. எத்துணை அழகான காலம் என்று வாய் முணுமுணுக்கிறது.

அந்த முணுமுணுப்பைச் சற்று விசாரித்தாக வேண்டும். நாம் வாழாத காலத்துக்காக ஏங்குவது நினைவா, மறதியா?

1838-இல் தாகேர் என்பவர் பாரிசு நகரத்து வீதி ஒன்றை உயரத்திலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி அது. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நகர்ந்துகொண்டிருந்த எவரும் பதியவில்லை. ஓரத்தில் ஒரு மனிதர் மட்டும் தெரிகிறார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்றவர். அவர் காலடியில் வேலை செய்தவரோ தெளிவற்ற நிழலாகவே எஞ்சினார். நிற்க நேரம் வாய்த்தவர் வரலாற்றில் நின்றார், உழைத்தவர் கரைந்துபோனார். வேண்டுமென்று யாரும் செய்ததன்று. கருவியின் குறை அது.

தனுஷ்கோடிப் படங்கள் எடுக்கப்பட்ட காலத்தில் கருவி வேகம் பெற்றுவிட்டது. ஓடுபவரையும் அது பிடிக்கும். ஆனால் பிடிக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே! நம் கையிலுள்ள படத்தின் அடிக்குறிப்பு கப்பலையும் துறைமேடையையும் சொல்கிறது, மனிதரைச் சொல்லவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஏழை மக்களும் இவ்வழியே போனவர்கள்தாம். மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப் பின்னரே கப்பலேற விடப்பட்டார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழிலாளருக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை தரப்பட்டது. பெயருக்குப் பதில் எண். 1964 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களும் செய்த உடன்படிக்கை, அவர்களின் வழிவந்தோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அங்கும் எண்தான்.

அவ்வாண்டே, டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்கிறார்கள். சரியாக எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கில்லை. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அது பாராட்டத்தக்க பணியே, ஐயமில்லை.

ஏக்கமே தவறு என்று நாம் கூறவில்லை. அவ்வூரில் பிறந்து ஊரை இழந்த முதியவர் அப்படத்தைக் கண்டு கலங்கினால் அது அவருடைய உரிமை. அவர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார். நம்முடைய ஏக்கம் விலையின்றி வாங்கியது. ஆகவே அழகை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது.

தனுஷ்கோடியில் கூரையிழந்த ஆலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஒரு காலத்தில் மெழுகுதிரி எரிந்த இடத்தில் இப்போது பயணிகள் வரிசையாய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாமும் சென்றிருந்தோம். சுவரோரம் சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவரை, படத்தில் விழாதபடி சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னார் நம் குழுவில் ஒருவர். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது. ஆலயமும் நாமும் தெளிவாகத் தெரிகிறோம்.