வேர்முடிச்சைப் பிளந்து பார்!

இருப்பதே நாற்பத்தைந்து சென்ட். அதுவும் சரளைக்கல் கலந்த செம்மண். இதில் என்ன விளைந்துவிடும் என்று உதட்டைப் பிதுக்குகிறாயா தம்பி? கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலமே 0.18 ஹெக்டேர்தான் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. ஏறக்குறைய உன் அளவுதான். உன்னை மட்டும் விதி பிடித்துவைத்து வஞ்சிக்கவில்லை. புலம்பலை நிறுத்து, மண்வெட்டியை எடு!

திருவனந்தபுரத்து மழை உனக்குத் தெரியாததா? இடவப்பாதிப் பருவமழை இறங்கினால் சரிவில் இருக்கிற மேல்மண் சிவப்புத் தண்ணீராக ஓடைக்குப் போய்விடும். மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு நட்டால், அது இலை விரித்து நிலத்தை மூட மூன்று மாதமாவது பிடிக்கும். அதுவரை நடுவிலே கிடப்பது வெறுந்தரை. மழையின் அடி முழுக்க அதன் மேல்தான். அங்கேதான் பெரும்பயறு விதைக்கச் சொல்கிறேன். காராமணி, தட்டைப்பயறு, வன்பயறு, எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கேட்டு வாங்கு.

‘பயறு போட்டால் மரச்சீனியின் சத்தைத் தின்றுவிடாதா?’ நல்ல கேள்வி. பதிலை என்னிடம் கேட்காதே, செடியிடம் கேள். ஐந்தாறு வாரமான செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடு. பிடித்து இழுத்தால் முடிச்சுகள் அறுந்துவிடும். வேரில் மணிமணியாகத் தொங்குவதில் ஒன்றை நகத்தால் பிள. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடிகளால் அதை நேராகத் தொட முடியாது. முடிச்சுக்குள் குடியிருக்கிற ரைசோபியம்தான் அதைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தருகிறது. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் உலகுக்கு அறிவித்த உண்மை, இன்று உன் நகக்கண்ணில்! இனிமேல் ‘நான் படிக்காதவன்’ என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். (தண்ணீருக்கும் மணிச்சத்துக்கும் கொஞ்சம் போட்டி உண்டுதான். அதனால் மரச்சீனியிலிருந்து ஓர் அடி தள்ளி விதை.)

திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்குகிறது மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தந்த எச்-226 ரகம் அங்கே பிறந்ததுதான். மரச்சீனிக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது பரிந்துரை. மாடே இல்லாத வீடு அதற்கு எங்கே போகும்? அதற்குப் பதிலாகப் பெரும்பயறை முதலில் விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிட்டு, அந்த மண்ணில் மரச்சீனி நடலாம் என்று அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். வாசலில் நின்று கேட்க என்ன கூச்சம்? நெடுமங்காடு, பாலோடு பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்கள் இளமரங்களுக்கு நடுவே மண்ணை மூடத் தோட்டப்பயறையும் மியூக்குனாவையும் படரவிடுவது கண்ணில் படவில்லையா? எஸ்டேட்காரருக்கு ஆகிறது உனக்கு மட்டும் ஆகாதா?

இன்னொரு ஊர்க்கதை சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு நாடு. 1980களின் கடைசியில், களைத்துப்போன மண்ணைத் தேற்றுவதற்காக ஆய்வாளர்கள் அங்கே மியூக்குனா இனத்துப் பூனைக்காலிக் கொடியைக் கொண்டுபோனார்கள். விவசாயிகள் அதில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும் இம்பெராட்டா புல், அந்தக் கொடியின் நிழலில் செத்துப்போனது! புல்லை ஒழிக்கவே ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பயிரிட்டார்கள். ஆய்வாளர் எழுதிக்கொண்டு வந்த காரணம் ஒன்று, வயல்காரர் கண்டெடுத்த காரணம் இன்னொன்று. ஆனால் பூனைக்காலி விதையை அப்படியே சமைத்துத் தின்ன முடியாது. சோறு போடாத கொடிக்கு ஒரு பருவம் முழுக்க நிலத்தை விட்டுக்கொடுக்க எந்த ஏழைக்கு மனம் வரும்? அந்தச் சிக்கலுக்கு மலாவியின் எக்வெண்டேனி ஊரார் வழி கண்டார்கள். 2000இல் தொடங்கிய திட்டத்தில் நிலக்கடலையையும் துவரையையும் ஒரே வயலில் விதைத்தார்கள். வயிற்றுக்கும் ஆயிற்று, மண்ணுக்கும் ஆயிற்று. அந்தத் துவரை நம் நாட்டில் பிறந்தது. நம் பெரும்பயறோ ஆப்பிரிக்காவில் பிறந்தது. யார் யாருக்கு ஆசான் இங்கே?

வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் படிக்கிற தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். இங்கிலீஷ் தடுமாறுகிறது என்று கருத்தரங்கில் கடைசி வரிசையில் பதுங்காதே. ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால், அவர் உன் இலக்கணத்துக்கா மார்க் போடப்போகிறார்? மழை தவறினபோது என்ன செய்தீர்கள், விதை யார் கொடுத்தார்கள், வீட்டுப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்பார். அந்தப் பதில்கள் வயல்வரப்பில் கிடைக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கு!

தம்பி, இந்தப் பருவத்திலேயே ஆரம்பி. ஐந்து சென்ட்டில் மரச்சீனியோடு பயறு போடு. பக்கத்து ஐந்து சென்ட்டில் மரச்சீனி மட்டும். களை பறிக்கக் கூலி எவ்வளவு ஆனது, ஒரு மூட்டுக்கு எத்தனை கிலோ கிழங்கு, பயறு எத்தனை படி, எல்லாவற்றையும் நோட்டில் எழுது. நஷ்டமானால் அதையும் மறைக்காமல் எழுது. கிருஷி பவன் வேளாண் அலுவலகத்தில் அடுத்த கூட்டம் போடும்போது எழுந்து நின்று, அந்த நோட்டைத் திறந்து சத்தமாக வாசி!