உயிர் தப்பியவரும் உடன் இறந்தவர்களும்

1999 டிசம்பர் 18, இலங்கை ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தின் கடைசி நாள். கொழும்பு நகர மண்டபத்துக்கு அருகே இரவுக் கூட்டத்தில் பேசி முடித்த சந்திரிகா குமாரதுங்கவைக் குறிவைத்து, விடுதலைப் புலிகள் அனுப்பிய பெண் ஒருவர் தன் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தார். சந்திரிகா பிழைத்தார், வலக்கண்ணின் பார்வை போயிற்று. அதே இரவு ஜா-எலவில் எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் கூட்டத்திலும் குண்டு வெடித்தது. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் லக்ஷ்மன் அல்கம அங்கே கொல்லப்பட்டார். இரண்டு இடங்களிலும் சேர்த்து இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல். மூன்றாம் நாள் வாக்குப்பதிவு, 51.12 விழுக்காடு வாக்குகளுடன் சந்திரிகா வென்றார். டிசம்பர் 22 அன்று கண்ணில் கட்டோடு அவர் பதவியேற்ற காட்சி உலகம் முழுவதும் திரைகளில் வந்தது. இன்று அந்த இரவைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் கட்டுதான். ஜா-எல என்ற ஊரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கொலை முயற்சியிலிருந்து தப்பிய ஆட்சித் தலைவரைத் தொலைக்காட்சி எப்படிக் காட்டுவது முறை என்ற கேள்வி இந்த மறதியிலிருந்துதான் பிறக்கிறது.

அவரைக் காட்டவே கூடாது என்று எவரும் சொல்ல முடியாது. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்புத் தமிழர்கள் மீது அவிழ்த்துவிடப்பட்ட வன்முறையை அறிந்தவர்களுக்கு, ஜனாதிபதியின் மீது குண்டுத் தாக்குதல் நடந்த இரவில் அந்நகரில் தமிழர் வாழும் வெள்ளவத்தையில் எத்தகைய அச்சம் நிலவியிருக்கும் என்பது புரியும். 1999இல் அப்படிப்பட்ட கலவரம் மூளவில்லை. தலைவர் உயிரோடு இருக்கிறார், அரசு இயங்குகிறது என்று உடனே காட்டுவது வதந்தியின் வாயை அடைக்கும். சில நேரம் உயிர்களையும் காக்கும். அந்த அளவுக்கு அது கடமை. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. செய்தி சொல்லி முடிந்த பின்னும் அதே காயம் திரும்பத் திரும்பக் காட்டப்படும்போது, அது தகவலாக இருப்பதை விட்டு ஒரு தகுதிச் சான்றாகிவிடுகிறது. சாவுக்குத் தப்பியவர் ஆளத் தகுந்தவர் என்ற முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே அது பார்ப்பவரின் மனத்தில் இறங்குகிறது. வாதமாகச் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம். படத்தை எப்படி மறுப்பது? அரசின் ரூபவாஹினி ஒளிபரப்பும் நாட்டில், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கையில், அந்தப் படத்துக்கு எவ்வளவு நேரம் என்பது நேர்மை சார்ந்த கேள்வி.

அமெரிக்காவில் நடந்தது இதைத் தெளிவாக்கும். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஹில்டன் ஓட்டல் வாசலில் அதிபர் ரீகன் சுடப்பட்டபோது கேமராக்கள் அங்கேயே இருந்தன. அன்று பிற்பகல் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள், தலையில் குண்டு பாய்ந்த செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி இறந்துவிட்டதாகவே அறிவித்தன. அவர் இறக்கவில்லை, சக்கர நாற்காலியில் 2014 வரை வாழ்ந்தார். ரீகன் மனைவியிடமும் மருத்துவர்களிடமும் அடித்ததாகச் சொல்லப்படும் நகைச்சுவைகள்தான் மக்களிடம் பரவின. ஏப்ரல் 28 அன்று அவர் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் தோன்றியபோது அவை எழுந்து நின்று கைதட்டியது. அவர் பேச வந்த பொருளோ வரவு செலவும் வரிக்குறைப்பும். வரிக்குறைப்புச் சட்டம் ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மையே. ஆனால் ஒரு வரிச் சட்டம் நல்லதா கெட்டதா என்பதற்கும் துப்பாக்கிக் குண்டு இதயத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பாய்ந்தது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தத் தொடர்பை உண்டாக்கிக் கொடுத்தது திரை.

இறந்தவர்களையும் சேர்த்துக் காட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பதில் வரலாம். 2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் சுடப்பட்டபோது, அவர் காதிலிருந்து ரத்தம் வழிய முஷ்டியை உயர்த்திய காட்சி சில மணி நேரத்தில் உலகைச் சுற்றியது. அந்தக் கூட்டத்தில் இருந்த முன்னாள் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். சில நாட்களில் நடந்த கட்சி மாநாட்டில் அவருடைய தலைக்கவசமும் சீருடையும் மேடைக்கு வந்தன. டிரம்ப் அந்தக் கவசத்தை முத்தமிட்டார். இறந்தவரை மறக்கவில்லை என்பது சரி. ஆனால் இழவு வீட்டிலேயே நடக்க வேண்டியது வேட்பாளரின் மேடையில் நடந்தது. ஆகவே இறந்தவரின் பெயரைச் சொல்வது மட்டும் போதாது. தலைவரின் கதையில் துணைப் பாத்திரமாக அல்லாமல் அவரவர் வாழ்க்கையாக அவர்களைக் காட்ட வேண்டும்.

தப்பியவர் தானே வேறு விதமாக நடந்துகொள்ள முடியும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. புணேயில், தொலைக்காட்சியே வராத 1934 ஜூன் 25 அன்று, தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தியைக் கொல்லக் குண்டு வீசப்பட்டது. அவர் வருவதாக நினைத்து வேறொரு காரின்மீது எறிந்துவிட்டார்கள். நகராட்சி அதிகாரி, காவலர்கள் எனப் பலர் காயமுற்றனர். காந்தி வெளியிட்ட அறிக்கையில் குண்டு எறிந்தவர்மீது தமக்கு இரக்கமே உண்டு என்றார். உயிர்த்தியாகியாகும் ஆசை தமக்கில்லை என்றும் சொன்னார். தம் தப்பித்தலைத் தம் கொள்கைக்குக் கிடைத்த சான்றாக அவர் ஆக்கவில்லை. எல்லாத் தலைவரும் காந்தியாக முடியாது என்பது எளிய பதில். தலைவர் ஆகவேண்டாம், செய்தி ஆசிரியர் அந்த நிதானத்தைக் கடன் வாங்கினால் போதும்.

பார்ப்பவர்கள் அவ்வளவு ஏமாளிகள் அல்லர், அனுதாபத்தையும் ஆட்சியையும் பிரித்தறிவார்கள் என்பதே வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. 1994இல் 62 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்த இலங்கை மக்கள், கட்டுப்போட்ட கண்ணைப் பார்த்த பிறகும் 1999இல் 51 விழுக்காட்டையே தந்தார்கள். ஆனால் வாக்காளர் விழிப்பாக இருப்பதால் ஒளிபரப்பாளரின் பொறுப்பு குறையாது. வீட்டுக்காரன் விழித்திருந்தாலும் திருடன் திருடன்தான்.

கொலை முயற்சிக்குப் பிறகு ஒரு தலைவர் என்ன செய்தார் என்பதுதான் அவரை எடைபோட உதவும். அதைப் படம் பிடிப்பது கடினம், ஆண்டுகள் ஆகும். நகர மண்டபத் தாக்குதல் வழக்கில் 2015இல் கொழும்பு உயர் நீதிமன்றம் இருவருக்கு 290 ஆண்டுகளும் 300 ஆண்டுகளும் சிறை விதித்தது. 2022 அக்டோபரில் எட்டுத் தமிழ்க் கைதிகளுக்கு ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க பொதுமன்னிப்பு வழங்கினார். 1999 தேர்தலில் சந்திரிகாவிடம் தோற்ற அதே ரணில். எட்டுப் பேரில் சிலர் சந்திரிகாவைக் கொல்ல முயன்ற வழக்கில் தண்டனை பெற்றவர்கள். அவர்களை விடுவிக்க சந்திரிகா ஒப்புதல் அளித்திருந்தார்.