நாதத்தை ஏற்று, கரத்தை மறுப்பதா?

மார்கழி பிறந்தால் தேனாம்பேட்டையைச் சுற்றியுள்ள மயிலாப்பூரும் தியாகராய நகரும் இசையில் திளைக்கின்றன. மேடையில் முழங்கும் மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் உள்ளன. அவற்றைத் தேர்ந்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் பிறக்கச் செய்வோர் பெரும்பாலும் தலித் மக்கள். அவருள் பலர் கிறிஸ்தவர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் 1966ல் சங்கீத கலாநிதி ஆனார். 1971ல் பத்மபூஷண் பெற்றார். அவருக்கு மிருதங்கம் செய்தளித்த தஞ்சாவூர் பர்லாந்துவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

படைப்பைப் போற்றிப் படைத்தவனை விலக்கும் மனம் நமக்கு மட்டும் உரியதன்று. யூதராகப் பிறந்த ஜெர்மானியக் கவிஞர் ஹைன்ரிக் ஹைனே 1825ல் திருமுழுக்குப் பெற்றார். ஆயினும் சமூகம் அவரை யூதராகவே நோக்கியது. அவருடைய ‘லோரலை’ மக்களின் பாடலாயிற்று. அவர் பிறந்த டுஸல்டார்ஃப் நகருக்கென எண்ணப்பட்ட நினைவுச் சின்னமோ, யூத வெறுப்பு மேலோங்கியதால், 1899ல் நியூயார்க்கில் நிறுவப்பட்டது. 1933 மே 10 அன்று அவர் நூல்கள் தீக்கிரையாயின. அந்நகரின் பல்கலைக்கழகம் அவர் பெயரைச் சூட நீண்ட விவாதம் நடந்து, 1988லேதான் முடிவாயிற்று.

ஹைனேயின் பெயர் அறியப்பட்டு வெறுக்கப்பட்டது; மிருதங்கம் செய்வோரின் பெயரோ அறியப்படவே இல்லை. 2020ல் டி. எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ‘செபஸ்தியான் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலை எழுதினார். அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தர இசைந்திருந்த கலாக்ஷேத்ரா, நூலில் அரசியல் சாயல் உண்டெனக் கூறி அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா தரமணியில் நடந்தேறியது.

“நாற்காலி செய்த தச்சனின் பெயரையா கேட்கிறோம்?” என்று சிலர் வினவலாம். நாற்காலிக்குச் சுருதி இல்லை. தோலின் கனத்தையும், நடுவே அப்பும் கருஞ்சாந்தின் அளவையும் தம் செவியால் அளந்து நாதத்தை நிர்ணயிப்பவர் வெறும் கூலியாள் அல்லர், இசையின் பங்காளி. வாசித்தவருக்கு மாலையும் செய்தவருக்கு மறதியும் சாதிவழியே பங்கிடப்படுகையில், அம்மறதி தற்செயலானதன்று.

இதில் பிறரை மட்டும் சுட்டுதல் நமக்குத் தகுமோ? வடக்கன்குளம் ஆலயத்துள் நம்மவரைச் சாதியால் பிரித்த சுவர் 1910ல்தான் இடிக்கப்பட்டது. கற்சுவர் வீழ்ந்தாலும் மனச்சுவர் எளிதில் வீழ்வதில்லை. ஓர் உடலின் உறுப்புகள் ஒன்றையொன்று புறக்கணிக்க இயலாதென்பது பவுலடியாரின் போதனையன்றோ! திருவிழாவில் நாம் கேட்டு மகிழும் ஒவ்வோர் ஒலிக்கும் பின்னால் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, நம்மோடு பந்தியில் அமர்த்துவோமா?